ஆணி அடிச்சீங்களா இல்லையா?

வீட்டைக் காலி செய்த வாடகைக்காரர் டெபாசிட்டைத் திருப்பிக் கேட்கிறார். சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் வீட்டுக்காரர் வீடியோ காலில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"தம்பி, சுவத்துல ஆணி அடிச்சீங்களா இல்லையா?"

"அது வந்து அண்ணே, ஏற்கனவே அங்க ஒரு ஓட்டை..."

"அடிச்சீங்களா இல்லையா?"

"அடிச்சேன், ஆனா..."

"ஆக, சேதப்படுத்தினதை ஒத்துக்கிறீங்க."

யாரும் குரலை உயர்த்தவில்லை, ஆனால் பேச்சு யார் கைக்குப் போய்விட்டது என்பது தெரிகிறது. 'ஆனா'வுக்குப் பின்னால் இருந்ததுதான் தம்பியின் வாதமே!

கேள்வி கேட்பவர் அடுத்தவர் என்ன பேசலாம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறார். 'ஆமாம், இல்லை' கேள்விக்கு விளக்கம் சொல்லப் போனால் மழுப்புவதுபோல் தோன்றும். நீதிமன்றக் குறுக்கு விசாரணை இந்த அடிப்படையில்தான் நடக்கிறது. என் பார்வையில், கேள்வியைவிட 'ஆக'தான் ஆபத்தானது. சுருக்கிச் சொல்வதுபோலவே எதிராளியின் பேச்சிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை உதறிவிடும். அதை அந்த இடத்திலேயே மறுக்காவிட்டால், ஒப்புக்கொண்டதாகவே பேச்சு நகரும்.

இணையம் இதை இன்னும் கூர்மையாக்குகிறது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் இடைப்பட்ட நேரம் சராசரியாகச் சுமார் 200 மில்லி வினாடிதான். வீடியோ காலின் தாமதமே சில சமயம் அவ்வளவு இருக்கும். பதில் வந்து சேர்வதற்குள், "ஏன் தயங்குறீங்க?" என்று அடுத்த கேள்வி விழுந்துவிடும். மரியாதைக்காகக் காத்திருப்பவருக்கு வாய்ப்பே வராது, பாவம்.

தயக்கத்துக்கு விலையும் உண்டு. 1970-களில் டியூக் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஓபார் குழுவினர் சாட்சியங்களை ஆராய்ந்தார்கள். விஷயம் ஒன்றாகவே இருந்தாலும், 'நினைக்கிறேன்', 'ஒரு மாதிரி' என்று இழுத்த சாட்சிகளை, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் குறைவாகவே நம்பினார்கள். நம்முடைய 'அது வந்து' இந்த வகைதான்.

அப்புறம், "சட்டத்துலயே இருக்கு தம்பி" என்ற அஸ்திரம். "எந்தச் சட்டம் அண்ணே, எந்தப் பிரிவு?" என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் மாறிவிடுகிறார்.

இரண்டு ஆண்டுக்கு மேற்படாத வீட்டு வாடகை ஒப்பந்தம் என்றால், சிங்கப்பூரில் சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கோரும் தொகைக்கு வரம்பு 20,000 சிங்கப்பூர் வெள்ளி. இருவரும் சம்மதித்தால் 30,000. அங்கே வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது. விசாரணையை நடத்துவது நடுவர். கேள்விகளும் பெரும்பாலும் அவரிடமிருந்துதான் வரும். ஓட்டை எப்போதிலிருந்து இருக்கிறது, குடி வந்த அன்று எடுத்த படம் எங்கே என்று அவர் கேட்கும்போது, அண்ணனும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.