ரஹ்மத் என்றால் என்ன? மதரஸாவில் அதற்கு என்ன வேலை?

இலங்கையின் கிழக்குக் கரையில், காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் நம் ஊர்களில் ரஹ்மத் என்ற சொல் காதில் விழாத நாளே கிடையாது. மழை பெய்தால் ரஹ்மத், வீட்டில் பிள்ளை பிறந்தால் ரஹ்மத். ஆனால் உம்மாவை விட்டுவிட்டு குர்ஆனை மனனம் செய்யும் ஹிப்ழு மதரஸா விடுதிக்கு வந்து, முதல் இரவு தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுகிற பத்து வயதுப் பிள்ளையிடம் இந்தச் சொல் என்னவாக இருக்க வேண்டும் என்று நாம் பேசுவது குறைவு.

அரபியில் இதன் வேர் ர-ஹ-ம என்ற மூன்று எழுத்து. கருவறையைக் குறிக்கும் ரஹிம் என்ற சொல்லும் இதே வேர்தான், இரத்த உறவுக்கும் அதுவே பெயர். ரஹிமுக்குத் தன் ரஹ்மான் என்ற பெயரிலிருந்தே பெயர் வைத்ததாக அல்லாஹ் சொல்லும் ஹதீஸும், அதாவது நபிமொழியும், இருக்கிறது. ஆக ரஹ்மத் என்பது சுமந்து, காத்து, வளர்க்கிற அன்பு. மஹப்பத் கொஞ்சம் வேறு. அடியான் அல்லாஹ்வை நேசிப்பது மஹப்பத், அதை யாரும் ரஹ்மத் என்று சொல்ல மாட்டார்கள். ரஹ்மத் பெரும்பாலும் பலம் உள்ளவரிடமிருந்து இல்லாதவரிடம் போவது.

குர்ஆனின் 55ஆம் சூரா (அத்தியாயம்) எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள்: "அர்ரஹ்மான், அல்லமல் குர்ஆன்". ரஹ்மான், அவன்தான் குர்ஆனைக் கற்றுக்கொடுத்தான். அறிந்தவன், வல்லவன் என்று எத்தனையோ திருநாமங்கள் இருக்க, கற்பித்தலுக்குப் பக்கத்தில் வந்து நிற்பது இந்தப் பெயர். ஹதீஸ் கற்பிக்கும் ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக மாணவருக்கு முதலில் ஓதிக்காட்டி வந்ததும் இரக்கம் காட்டுவோருக்கு ரஹ்மான் இரக்கம் காட்டுவான் என்ற ஹதீஸைத்தான். 1111இல் மறைந்த மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி, ஆசிரியரின் கடமைகளில் முதலாவதாக மாணவரைத் தன் பிள்ளையாக நடத்துவதை வைத்தார். வரலாற்று அறிஞர் இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமா என்ற நூலில், கடுமையாக நடத்தப்படும் பிள்ளை அடிக்குப் பயந்து பொய்யும் சூதும் பழகிக்கொள்ளும் என்று ஒரு தனிப் பகுதியே எழுதி வைத்திருக்கிறார்.

அப்படி இருக்க, "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க உஸ்தாத்" என்று ஆசிரியரிடம் சொல்லி மகனை ஒப்படைக்கும் வாப்பாமார் இன்னும் இருக்கிறார்கள். இது மார்க்கத்தில் வந்த பேச்சு இல்லை, வெறும் ஊர்ப் பழக்கம். பாடம் ஒப்புவிக்கும்போது ஒரு ஆயத்தில் (வசனத்தில்) சிக்கி நிற்கிற பிள்ளை முதலில் பார்ப்பது உஸ்தாதின் கையைத்தான், கை பிரம்புப் பக்கம் போகிறதா என்று. போனால் தெரிந்த ஆயத்தும் மறந்துவிடும். அடுத்த சொல்லின் முதல் எழுத்தை மெதுவாக எடுத்துக் கொடுத்தாலோ மிச்சத்தை அவனே ஓதி முடிப்பான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? மொழிபெயர்ப்புகளில் அருள் என்று போடுகிறார்கள். அல்லாஹ்வைப் பற்றிச் சொல்லும்போது அது சரியாகவே பொருந்துகிறது, அருளை அன்பு பெற்ற குழவி என்று குறளும் சொல்கிறது. ஆனால் உஸ்தாதுக்கு அருள் கொஞ்சம் பெரிய சொல். கருணையில் தூரம் தெரிகிறது, அன்பு ரொம்பப் பொதுவாகிவிடுகிறது. எங்கள் பக்கத்தில் "அவருக்கு என்னில நல்ல இரக்கம்" என்றால் பாவம் பார்ப்பது இல்லை, பாசம் வைத்துக் கவனிப்பது. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. அல்லாஹ்வின் ரஹ்மத்துக்கு அருள் என்றே எழுதுங்கள், உஸ்தாதின் ரஹ்மத்தை இரக்கம் என்று எழுதுங்கள், "இரக்கத்தோடு படிப்பிக்கிறார்" என்றால் இங்கே எல்லா உம்மாவுக்கும் விளங்கும்.