விடை தெரியாமலே தப்பைப் பிடிக்கும் ப்ரைம்95

"ராமில் எக்ஸ்எம்பி போட்டுவிட்டேன், பிராசஸரையும் கொஞ்சம் ஏற்றிவிட்டேன். விண்டோஸ் திறக்கிறது, கேம் ஓடுகிறது. அப்புறம் எதற்கு ராத்திரி முழுக்க ப்ரைம்95 ஓட்டச் சொல்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எக்ஸ்எம்பி என்பது ராமை அதன் சாதாரண வேகத்தைவிட வேகமாக ஓடவிடும் அமைப்பு; ப்ரைம்95 என்பது பிராசஸரைக் கடும் கணக்குகளால் வாட்டிச் சோதிக்கும் புரோகிராம். கூடவே கரண்ட் பில் கவலையும் இருந்தது. நியாயமான கேள்விதான்.

5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசஸருக்கு ஒரு கிளாக் துடிப்பு என்பது 0.2 நானோ விநாடி. ஒளியே அதற்குள் 6 சென்டிமீட்டர்தான் போகும். அந்த நேரத்துக்குள் சிக்னல் வரிசையாக நிற்கும் டிரான்சிஸ்டர்களை, அதாவது குட்டி மின் சுவிட்சுகளை, கடந்து மறுமுனை சேர வேண்டும். சேராவிட்டால் கிளாக் காத்திருக்காது. நேரமானதும் கிளம்பிவிடுகிற பஸ் மாதிரி, அந்தக் கணத்தில் என்ன இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு போய்விடும். வோல்டேஜைக் கூட்டினால் டிரான்சிஸ்டர் வேகமாக மாறும்தான், ஆனால் வெப்பமும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப எகிறும்.

விண்டோஸ் நின்றுபோய் ப்ளூ ஸ்க்ரீன் வந்தால் நல்லது, விஷயம் தெரிந்துவிட்டது. பல நேரம் அதுகூட வராது. ஒரு பிட் (0 அல்லது 1) மாறும், கணக்கு தப்பாகும், அந்தத் தப்பான விடை உங்கள் ஃபைலில் போய் உட்காரும். கேம் ஓடுகிறது என்பதால் ஒன்றும் நிரூபணம் ஆகிவிடாது.

சரி, சோதிக்கிற புரோகிராமுக்கு மட்டும் தப்பு எப்படித் தெரிகிறது? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

ப்ரைம்95 ஓவர்கிளாக் ஆட்களுக்காக, அதாவது பிராசஸரை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுபவர்களுக்காக, பிறந்ததே இல்லை. 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் மெர்சென் பகா எண்களை (2-ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கி 1-ஐக் கழித்தால் வரும் பகா எண்களை) தேடுவதற்காக எழுதியது. அந்தத் தேடலில் 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து, 2-ஐக் கழித்து, மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொண்டு, அதையே லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான முறை திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. நடுவில் ஒரு பிட் பிசகினால் மொத்த உழைப்பும் வீண். அதனால் கணக்குக்குள்ளேயே காவல் வைத்தார்கள்.

பள்ளிக்கூடப் பெருக்கலை நினைத்துப் பாருங்கள். 23 × 14. நூறில் 2×1 = 2, பத்தில் 2×4 + 3×1 = 11, ஒன்றில் 3×4 = 12. மீதியை ஏற்றினால் 322. நடுவில் வந்த 2, 11, 12 எல்லாமே முழு எண்கள். முழு எண்களைப் பெருக்கிக் கூட்டினால் வேறென்ன வரும்? கோடி இலக்க எண்ணைப் பெருக்கினாலும் இதே கதைதான். ஆனால் இந்த முறை அங்கே ஆமை வேகம். அதனால் ஃபூரியர் உருமாற்றம் என்ற குறுக்குவழியில் போகிறார்கள். எண்ணைத் துண்டுகளாக வெட்டி, சைன், கொசைன் தசமங்களோடு கலந்து, பெருக்கி, திரும்பப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பாதை முழுக்கத் தசமம், ஆனால் வந்து சேர வேண்டிய இடம் முழு எண். 48213.0007 என்று வந்தால் அந்த 0.0007 தசமக் கணக்கின் சில்லறைப் பிழை. 48213 என்று முழுமையாக்கிவிடலாம். 48213.46 என்று வந்தால்? அது 48213-ஆ, 48214-ஆ? பக்கத்து முழு எண்ணிலிருந்து விலகல் 0.4-ஐத் தாண்டினால் ப்ரைம்95 வேலையை நிறுத்திவிடும். சரியான விடை என்னவென்று தெரியாமலே, இது தப்பு என்று சொல்லிவிடுகிறது!

அந்தப் பிழைச் செய்தியில் பெரும்பாலும் 0.5 என்றே வருவதற்கும் காரணம் இருக்கிறது. இந்த உருமாற்றத்தில் ஒவ்வொரு விடையிலும் எல்லா உள்ளீடுகளின் பங்கும் இருக்கிறது. எங்கோ ஒரு மதிப்பு கெட்டால் போதும், விடைகள் மொத்தமும் கலங்கும். கலங்கிய ஆயிரக்கணக்கான எண்களில் ஏதாவது ஒன்று இரண்டு முழு எண்களுக்கு நட்டநடுவில் விழாமல் இருக்குமா? இந்த வலையில் சிக்காத சின்னப் பிழைகளுக்கு இன்னொரு வலை உண்டு: சோதனை முடிவில் வரும் மீதியை ஏற்கெனவே தெரிந்த விடையோடு ஒப்பிடுகிறது.

2024 அக்டோபரில் இதே தேடலில் 4,10,24,320 இலக்கமுள்ள பகா எண் கிடைத்தது. "இதனால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்பவர்களிடம் 2016-ஐச் சொல்வேன். இன்டெலின் ஸ்கைலேக் பிராசஸர்களில், ஓவர்கிளாக் செய்யாதபோதும் கணினியை உறையவைத்த ஒரு வடிவமைப்புப் பிழையை வெளிக்கொண்டு வந்தது இந்தப் பகா எண் கூட்டம்தான். பிறகு இன்டெல் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் வழியாகச் சரிசெய்தது. பயன் என்ன என்று முன்கூட்டியே எழுதித் தந்தால்தான் ஆராய்ச்சிக்குப் பணம் என்பவர்கள் இதற்குக் காசு கொடுத்திருக்க மாட்டார்கள்.

ராமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86+ என்ற புரோகிராம். வேலை எளிது: ஒரு வடிவத்தை எழுது, படி, தலைகீழாக்கி எழுது, மேலிருந்து கீழாகவும் திரும்பச் செய். ராமின் ஒவ்வொரு பிட்டும் கசிகிற ஒரு குட்டிக் கெபாசிட்டர். டிடிஆர்4 வகை ராமில் 64 மில்லி விநாடிக்குள் புதுப்பிக்க வேண்டும். 85 டிகிரி தாண்டினால் அந்த அவகாசம் பாதி. வேகத்துக்காகப் புதுப்பிக்கும் இடைவெளியை நீட்டுபவர்கள், ஏசி அறையில் பாஸான ராம் மே மாத மத்தியானத்தில் ஃபெயிலாவதைப் பார்ப்பது இதனால்தான்.

24 மணி நேரம் ஓட்டினால்தான் ஆகும் என்பது வெறும் நம்பிக்கை. அந்த எண்ணில் விசேஷம் ஒன்றுமில்லை. பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பிரிவுகள்தான் கோர்கள். எல்லா கோரும் உழைக்கும்போது பொதுவாகக் கிளாக் தானாக இறங்கிவிடும். ஒரே கோர் உச்ச வேகத்துக்குத் தாவும்போதுதான் சில சிப்கள் தடுமாறும். அதனால் ஒவ்வொரு கோரையும் தனியாகவும் ஓட்டிப் பாருங்கள். பிழை எந்த வொர்க்கரில் (ப்ரைம்95 ஒவ்வொரு கோருக்கும் பிரித்துத் தரும் வேலையில்) வந்தது என்று குறித்துக்கொண்டால் எந்த கோர் பலவீனம் என்று தெரியும்; அதற்கு மட்டும் கொஞ்சம் வோல்டேஜ் கூட்டலாம். ராம் சோதனையை மட்டும் விண்டோஸ் திறப்பதற்கு முன்பே, பென்டிரைவிலிருந்து செய்துவிடுங்கள். கெட்ட ராமோடு விண்டோஸ் ஒருமுறை திறந்து ஃபைல்களை எழுதிவிட்டால், பிறகு ராமைச் சரிசெய்தாலும் அந்த ஃபைல்கள் சரியாகாது.