வேட்டை மீனின் வாயைப் பாருங்கள்

குள்ளச் சிக்ளிட் என்னும் சிறிய வண்ண மீன்களை வளர்ப்பவர்களில் பலருக்கு ஒரு கட்டத்தில் அதே தொட்டியில் ஒரு வேட்டை மீனையும் விட ஆசை வருகிறது. ஆசையில் தவறில்லை. தென்னமெரிக்க ஓடைகளில் அபிஸ்டோகிராம்மா (சுருக்கமாக அபிஸ்டோ), ராம் சிக்ளிட் போன்ற குள்ளச் சிக்ளிட்டுகள் வேட்டை மீன்களுக்கு நடுவில்தான் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கின்றன. விரட்ட வேறு மீனே இல்லாத தொட்டியில் ஆண் தன் துணையையே விடாமல் விரட்டுவதுண்டு. அந்நிய மீன் ஒன்று நடமாடினால் அந்தக் கோபம் அதன் பக்கம் திரும்பும். ஆனால் எந்த மீன்? கடைகளில் எல்லோரும் ‘சாதுவா, மூர்க்கமா’ என்று குணத்தை விசாரிக்கிறார்கள். விசாரிக்க வேண்டியது வாயை.

தொட்டிகளில் வளரும் வேட்டை மீன்களில் பெரும்பாலானவை இரையைக் கடித்துத் தின்பதில்லை, முழுதாக விழுங்குகின்றன. வாயைத் திறக்கும் அதே கணத்தில் வாயின் அடித்தளம் கீழிறங்குகிறது, செவுள் மூடிகள் பக்கவாட்டில் விரிகின்றன. உள்ளே அழுத்தம் சட்டென்று குறைய, சுற்றியுள்ள நீர் இரையோடு சேர்ந்து பாய்ந்து நுழைகிறது. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். இதில் ஒரு பலவீனம் இருக்கிறது: அந்த உறிஞ்சுவிசை ஏறத்தாழ வாயின் அகலம் அளவு தூரத்துக்குத்தான் வேலை செய்யும். அதற்கு அப்பால் நீர் அசைவதே தெரியாது. ஆகவே வேட்டை மீன் எப்படியாவது இரையை நெருங்கியாக வேண்டும். எப்படி நெருங்குகிறது என்பதுதான் உங்கள் சிக்ளிட்டின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

அமேசான் இலை மீனைப் பாருங்கள். காய்ந்த இலை போலவே உடல், தண்டு போல மோவாயில் ஒரு சிறு தசைநீட்சி, தலைகீழாகச் சாய்ந்து நீரில் மிதந்துவரும் அழகு. குள்ளச் சிக்ளிட்டுக்கு வேண்டிய மென்மையான, அமிலத்தன்மையுள்ள அதே நீர்தான் அதற்கும் வேண்டும். பொருத்தமான துணை என்று தோன்றும். ஆனால் அதன் தாடை குழாய் போல முன்னே நீள்கிறது. தன் நீளத்தில் பாதியுள்ள மீனையும் விழுங்கக்கூடியது. 4 சென்டிமீட்டர் நீளமுள்ள பெண் அபிஸ்டோ அதற்கு ஒரே வாய் இரை. குள்ளச் சிக்ளிட்டுக்கு உயரமான உடலும் முள்துடுப்பும் உண்டு, அவை ஓரளவு காக்கும் என்பது உண்மைதான். அந்தத் துணிச்சலில் நான் இலை மீனைப் பரிந்துரைக்க மாட்டேன். நீண்ட உடல்கொண்ட வேட்டைச் சிக்ளிட்டான பைக் சிக்ளிட்டின் சிறிய வகையும் வேண்டாம். அது விழுங்காவிட்டாலும், அபிஸ்டோ முட்டையிடத் தேடும் அதே குகைக்குப் போட்டி போடும்.

என் தேர்வு ஆப்பிரிக்கப் பட்டாம்பூச்சி மீன். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் அமைதியான நீர்நிலைகளில் வாழ்வது. 10 முதல் 12 சென்டிமீட்டர் வரை வளரும். முதுகு தட்டை, வாய் முழுக்க மேல்நோக்கியது. நீரின் மேற்பரப்பை ஒட்டியே அசையாமல் கிடக்கும். பூச்சி விழுந்தால் எழும் சிற்றலைகளை உணர்ந்து பாயும். அதன் விழித்திரையில் காற்றுவெளியைப் பார்க்க ஒரு பகுதி, நீருக்குள் பார்க்க வேறொரு பகுதி என்று பிரிவு இருக்கிறது. இரையைத் தேடுவதோ பெரும்பாலும் மேலேதான். தரையோரம் குகைவாசலில் மஞ்சள் பூத்து நிற்கும் தாய் அபிஸ்டோவை அது பொருட்படுத்துவதில்லை. ஒரே தொட்டியில் இரண்டு மாடிகளில் வாழும் குடித்தனங்கள் இவை.

நீரும் ஒத்துப்போகும்: 26, 27 டிகிரி வெப்பம், அமிலம் சற்றே தூக்கலான மென்னீர். ராம் சிக்ளிட் இன்னும் சூடு கேட்கும் என்பதால் அபிஸ்டோவே எளிது. குழாய் நீர் கடினமாக உள்ள ஊரில் இருப்பவர்கள் அபிஸ்டோகிராம்மா காக்கட்டுவாய்டிஸ் வகையைத் தேடலாம், அந்தக் குலத்தில் தாங்கும் திறன் அதிகமுள்ளது அதுதான்.

தொட்டிக்கு இடைவெளியில்லாத மூடி கட்டாயம் வேண்டும். இந்த மீன் தாவும். மேற்பரப்பில் நீரோட்டம் குறைவாகவும் மிதக்கும் செடிகள் கொஞ்சமும் இருக்கட்டும். சுவர்க்கோழி, ஈ போன்றவற்றை மேலே போடுங்கள். நியான் டெட்ரா போன்ற ஒல்லி மீன்களைச் சேர்க்காதீர்கள், மேலே வந்தால் இரையாகிவிடும். கீழே இறங்கித் தொங்கும் அதன் நீண்ட துடுப்பிழைகளைக் கொறிக்கும் பார்ப் வகைகளும் வேண்டாம்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. சண்டையில் தோற்ற அபிஸ்டோ கீழே ஒளிய இடமில்லாமல் மேல் மூலையில் போய் ஒண்டிக்கொள்ளும். வழக்கமாக அது வெறும் அவமானம். இந்தத் தொட்டியிலோ அது நேராக வேட்டை மீனின் வாய்க்கருகே போகிறது. ஆகவே பெண் மீன்களின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாகக் குகைகளை வையுங்கள். ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று தெரியாதபடி வேர்க்கட்டைகளால் மறைத்துவிடுங்கள்.