சர்க்காடியன்: அந்த 'ஏறத்தாழ' எங்கே போனது?

சர்க்காடியன் ரிதம் என்பதை 'தினசரி சுழற்சி' என்று எழுதிவிட்டுப் போவதுதான் வழக்கம். தப்பில்லை, ஆனால் சொல்லில் பாதி உதிர்ந்துவிடுகிறது. லத்தீனில் 'சர்க்கா' என்றால் ஏறத்தாழ, 'டியெஸ்' என்றால் நாள். 1959-இல் இரண்டையும் சேர்த்து இந்தச் சொல்லை உண்டாக்கியவர் ஃபிரான்ஸ் ஹால்பெர்க். வெளிச்சமே படாத இடத்தில் அடைத்துவைத்தாலும் உடம்பு தானாக ஓட்டுகிற, 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும் சுற்று அது.

பழ ஈயைப் பார்த்தால் இது புரியும். அதன் அறிவியல் பெயர் டிரோசோஃபிலா, கிரேக்கத்தில் 'பனித்துளி விரும்பி'. பெயருக்கேற்ற மாதிரி கூட்டை உடைத்துக்கொண்டு விடியலை ஒட்டித்தான் வெளியே வரும், இருட்டிலேயே வைத்திருந்தாலும் அந்தச் சுற்று நிற்காது. இந்தக் கணக்குத் தப்பிய மூன்று வகை ஈக்களை 1971-இல் ரொனால்ட் கொனோப்காவும் சீமோர் பென்சரும் காட்டினார்கள்: ஒன்றுக்கு நாள் 19 மணி நேரம், இன்னொன்றுக்கு 28, மூன்றாவதுக்கு நாள் என்பதே கிடையாது. மூன்றிலும் பழுது ஒரே மரபணுவில், அதன் பெயர் பீரியட். அதன் புரதம் இரவில் சேர்ந்து, டைம்லெஸ் என்ற கூட்டாளிப் புரதத்தோடு செல்லின் உட்கருவுக்குள் போய், தன்னை உண்டாக்கும் மரபணுவையே அடக்கிவிடும். அப்புறம் புரதம் சிதைந்து தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து.

பழ ஈ ஆய்வில் மரபணுவுக்குப் பெரும்பாலும் அது கெட்டால் என்ன ஆகிறதோ அதுதான் பெயர். ஷேகி என்றொரு மரபணு உண்டு, பெயருக்குச் சடை என்று பொருள்: அது வேலை செய்யாவிட்டால் ஈயின் மேல் முள்மயிர் கண்டபடி முளைக்கும். அந்த மயிர் ஒவ்வொன்றும் ஓர் உணர் உறுப்பு, அடியில் நரம்புச் செல் உண்டு, ஆக நரம்பு மண்டலம் உருவாகும்போதே கை வைக்கிற புரதம் இதனுடையது. இதே ஷேகி டைம்லெஸ்ஸின் மேல் பாஸ்பேட்டைச் சேர்த்துக் கடிகாரத்திலும் வேலை பார்க்கிறது என்று 2001-இல் தெரிந்தது. ஷேகியின் அளவைக் கூட்டினால் ஈயின் நாள் சுருங்குகிறது. சடைக்கும் மணிக்கும் முடிச்சு இருக்கும் என்று பெயரை வைத்து யார் ஊகிக்க முடியும்?

சரி, சர்க்காடியன் ரிதத்தைத் தமிழில் என்ன சொல்வது? 'உயிர்க்கடிகாரம்' உள்ளே ஓடும் பொறிக்குத்தான் பொருந்தும், அது ஓட்டும் சுற்றுக்கு அல்ல. 'நாளொழுங்கு' சுருக்கமாக இருக்கிறது, ஆனால் நேரத்துக்கு எழுந்து பல் துலக்குகிற நல்ல பிள்ளையின் வாசனை அடிக்கிறது. என் ஓட்டு 'நாளொட்டிய தாளம்' என்பதற்கு. விடியலை ஒட்டி வந்தான் என்றால் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, கொஞ்சம் முன்னே பின்னே என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். 19 மணி நேர ஈயை மட்டும் இதற்குள் அடக்குவது கொஞ்சம் இழுபறிதான்.