ஊரில் ரேடியோ, சென்னையில் ஆபரேட்டர்: நடுவில் உள்ள கேபிள்கள்

ஹாம் ரேடியோவில் 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் ஆன்டெனாவுக்குச் சுமார் 20 மீட்டர் நீளம் வேண்டும். சென்னை அடுக்குமாடியில் அதற்கு இடமேது? திருவாரூர்ப் பக்கம் ஊர் வீட்டுத் தோப்பில் தாராளமாகக் கட்டலாம். ரேடியோவை அங்கே வைத்துவிட்டு இணையம் வழியாக இயக்குவதில் தொல்லை தருவது பெரும்பாலும் கடைசி ஒரு மீட்டர்தான்: கணினிக்கும் ரேடியோவுக்கும் நடுவே உள்ள கேபிள்கள். அவற்றுக்கு மூன்று வேலை: அலைவரிசையை மாற்றுவது, ஒலியைக் கொண்டுபோவது, பிடிடி (ரேடியோவை டிரான்ஸ்மிட்டுக்கு மாற்றும் பேசு-பட்டன்) அழுத்துவது.

முதலில் மின்னழுத்தத்தைப் பாருங்கள். கென்வுட் டிஎஸ்-2000 ரேடியோவின் பின்னால் இருப்பது ஆர்எஸ்-232 என்ற சீரியல் போர்ட். அதில் சிக்னல் பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் 3 முதல் 15 வோல்ட் வரை போகும். யேசு (Yaesu) எஃப்டி-857 ரேடியோவின் கேட் (கணினி வழிக் கட்டுப்பாட்டு) சாக்கெட்டோ 0, 5 வோல்ட் மட்டுமே எதிர்பார்க்கும் டிடிஎல். முன்னதன் கேபிளை இதில் செருகினால் உள்ளே ஐசி போகும். இந்த 8 பின் சாக்கெட்டின் ஒரு பின்னில் 13.8 வோல்ட் வேறு இருக்கிறது. அதற்கு வயரே சால்டர் செய்யாதீர்கள்.

ஐகாம் ரேடியோக்களின் கணினி இணைப்பான சிஐ-வி ஒற்றை வயரில் போக, வர இரண்டும் நடத்துகிறது. 3.5 மிமீ மோனோ பிளக்கின் நுனி டேட்டா, உடல் கிரவுண்ட். 5 வோல்ட் யுஎஸ்பி-டிடிஎல் அடாப்டரின் ஆர்எக்ஸை (பெறும் பின்) நேராக நுனிக்குக் கொடுக்கலாம். டிஎக்ஸை (அனுப்பும் பின்) அப்படிக் கொடுத்தால் அது வயரை 5 வோல்ட்டிலேயே பிடித்துக்கொள்ளும். ரேடியோவால் கீழே இழுத்துப் பதில் சொல்ல முடியாது. நடுவே 1என்5817 ஷாட்கி டையோடு போட்டு, கோடுள்ள முனையை டிஎக்ஸ் பக்கம் வையுங்கள். சோதிக்க, ஐகாம் ஐசி-718 ரேடியோவுக்கு எஃப்இ எஃப்இ 5இ இ0 03 எஃப்டி என்ற ஹெக்ஸ் பைட்டுகளை அனுப்புங்கள் (5இ ரேடியோவின் முகவரி, 03 அலைவரிசையைக் கேட்கும் கட்டளை). அனுப்பியதே திரும்பி வந்து, ரேடியோவின் பதில் மட்டும் வரவில்லையா? அடாப்டர் பக்கம் சரி. பிளக், முகவரி, பாட் வேகம் (டேட்டா போகும் வேகம்) மூன்றையும் பாருங்கள். எதுவுமே வராவிட்டால் சால்டரிங்கைப் பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று பிளக்கில் பச்சைக் களிம்பு ஏற்றும், அதையும் சுரண்டிப் பாருங்கள்.

ஒலி வயரில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்டால் கிரவுண்ட் லூப், அதாவது கணினியும் ரேடியோவும் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் கிரவுண்டாகி உண்டாகும் சுற்று. 600 ஓம் 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், போக ஒன்று, வர ஒன்று போட்டால் அடங்கிவிடும்.

100 வாட்டில் பேசத் தொடங்கியதும் யுஎஸ்பி இணைப்பு விட்டுப்போனால், கேபிளின் வெளிப்புறமே ஆன்டெனாவாக வேலை செய்கிறது என்று அர்த்தம். 31 வகை ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தில் அந்தக் கேபிளை 8 சுற்று சுற்றுங்கள். ஒரே ஒரு ஃபெரைட் கிளிப் மாட்டினால் 7 மெகாஹெர்ட்ஸில் போதாது.

மிக ஆபத்தானது பிடிடி. டெல்டாவில் நாற்று நடவுக் காலத்தில் பம்புசெட்டுகள் ஒன்றாக ஓடத் தொடங்கும்போது மின்னழுத்தம் சரியும். கணினி ரீஸ்டார்ட் ஆகும். அந்நேரம் ஆர்டிஎஸ் (சீரியல் போர்ட்டின் ஒரு கட்டுப்பாட்டு வயர்) லைன் தானாக உயரலாம். பிடிடி அதில் தொங்கினால் ரேடியோ ஆளில்லாமல் டிரான்ஸ்மிட்டில் நிற்கும். ஆகவே கணினிக்கு யுபிஎஸ், ரேடியோ மெனுவில் இருந்தால் டிரான்ஸ்மிட்டைத் தானே நிறுத்தும் 3 நிமிட டைம்-அவுட், 13.8 வோல்ட்டைத் துண்டிக்கத் தனி இணைப்பில் ஒரு ரிலே. முடிந்தால் ஆர்டிஎஸ்ஸை விட்டுவிட்டு, கட்டளை வழியாகவே பிடிடி கொடுங்கள்.

ஆர்டிஎஸ்தான் வழி என்றால், பிசி817 ஆப்டோகப்ளரை (மின் தொடர்பில்லாமல் ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் சில்லு) நடுவில் போட்டு, பிளக்கை ரேடியோவில் செருகுமுன் அதன் முனைகளில் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்துக் கணினியை அணைத்து, ஏற்றிப் பாருங்கள். பீப் கேட்டால் அந்தக் கேபிளை ஊரில் விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள்.