சிரப்புக்குள் ஊற்றிய கரைப்பான் எது?

மருந்துத் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்று தெரிந்தால் போதும், வீட்டிலிருக்கும் இருமல் சிரப் பாட்டிலை நீட்டி "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்கிறார்கள். 2025 அக்டோபருக்குப் பிறகு இது கூடிவிட்டது. மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் சிறுநீரகம் செயலிழந்து குழந்தைகள் இறந்தார்கள். அவர்கள் குடித்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷத் திரவம் இருந்ததைத் தமிழக அரசு ஆய்வகம் கண்டுபிடித்தது. அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 0.1 சதவீதம்தான்.

பாட்டிலைப் பார்த்தெல்லாம் சொல்ல முடியாது. மருந்தைக் கரைக்க முறைப்படி சேர்க்கவேண்டியது புரொப்பிலீன் கிளைகால். அதுவும் சரி, இந்த விஷமும் சரி, நிறமில்லாமல், பிசுபிசுப்பாக, லேசாக இனிக்கும். இரண்டு மூலக்கூறுகளிலும் இரண்டிரண்டு ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் உண்டு. ஹைட்ரஜன் பிணைப்பால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் திரவம் மெதுவாக ஓடுகிறது. தண்ணீரையும் அப்படியே பற்றிக்கொள்வதால் எந்த விகிதத்திலும் கலந்துவிடுகிறது. டைஎத்திலீன் கிளைகாலில் நடுவே கூடுதலாக ஓர் ஆக்சிஜன் அணு, இரண்டு துண்டுகளை இணைத்தபடி நிற்கும். நாக்குக்கு அது தெரியாது. உடம்புக்குள் போனதும் நொதிகள் அந்த மூலக்கூறை டைகிளைகாலிக் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் சிறுநீரக நுண்குழல்களின் செல்களில் சேர்ந்து அவற்றைக் கொல்கிறது.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது கேஸ் குரோமட்டோகிராஃபி. ஒரு சொட்டுக்கும் குறைவான மாதிரியை ஊசியால் செலுத்தினால், சூடான நீண்ட மெல்லிய குழாய் வழியாக வாயு அதைத் தள்ளிக்கொண்டு போகும். 188 டிகிரியில் கொதிக்கும் புரொப்பிலீன் கிளைகால் முந்திக்கொண்டு வெளியே வரும். 245 டிகிரிக்காரரான டைஎத்திலீன் கிளைகால் பின்னால் தனியாக வருவார். திரையில் அந்த இடத்தில் வரம்பை மீறி ஒரு முகடு எழுந்தால் அந்தக் கரைப்பான் வந்த டிரம்மை ஓரங்கட்டவேண்டியதுதான். மூலக்கூறு எந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் நிறமாலையை மட்டும் நம்பினால் சிறு கலப்படம் நழுவிவிடும். இரண்டிலும் ஒரே வகைப் பிணைப்புகள் இருப்பதால் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

கருவி இருந்தும் கோட்டை விடுவது, சோதனைக்கான மாதிரியை எடுக்கும்போதுதான். பத்து டிரம்மிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலந்து, அந்தக் கலவையை மட்டும் சோதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிரம்மில் மட்டும் 0.5 சதவீதம் இருந்தால் கலவையில் அது 0.05 ஆகி, 'தேர்ச்சி' பெற்றுவிடும்! அதனால் டிரம் டிரம்மாகச் சோதிக்க வேண்டும். இதைவிட மோசம், விற்பவர் தந்த சான்றிதழைக் கோப்பில் செருகிவிட்டு டிரம்மைத் திறந்து ஊற்றுவது. 2006இல் பனாமாவில் நடந்தது அதுதான்: சீனாவிலிருந்து ஸ்பெயின் வழியாகக் கைமாறி வந்த திரவம், காகிதத்தில் மட்டும் சிரப்பில் சேர்க்கும் கிளிசரினாக இருந்தது. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற கிருமிக்கொல்லி மருந்து நன்றாகக் கரைகிறதே என்று டைஎத்திலீன் கிளைகாலைத் தெரிந்தேதான் ஊற்றினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது விஷம் என்று அன்று அந்தத் தயாரிப்பாளர் பார்க்கவில்லை. இன்று அந்தச் சாக்கு யாருக்கும் கிடையாது.

பெற்றோர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். 2 வயதுக்குக் கீழே இருமல், சளி சிரப் கொடுக்கக் கூடாது, 5 வயதுக்குக் கீழேயும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் சொல்லியிருக்கிறது. சிரப் குடித்த குழந்தைக்கு வாந்தி வந்து, சிறுநீர் குறைந்தாலோ நின்றாலோ, காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பாட்டிலையும் எடுத்துப் போங்கள். பேட்ச் எண் அதில்தான் இருக்கிறது. மிச்சமிருக்கும் சிரப்பைப் பயந்துபோய்க் கொட்டிவிடாதீர்கள், பரிசோதிக்க அதுதான் எங்களுக்கு வேண்டும்.