சக்கரத்தைச் சுழற்றிய எலி

"இரண்டு முறை நீட் எழுதியும் கிடைக்கவில்லை, பையன் இப்போது புத்தகத்தையே தொடுவதில்லை. சிலர் மட்டும் எவ்வளவு அடிபட்டாலும் எழுந்துவிடுகிறார்களே, எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செலிக்மன், மையர் என்ற இரு உளவியலாளர்கள் நாய்களை வைத்துச் செய்த சோதனை உளவியல் படித்தவர்களுக்குத் தெரியும். எதைச் செய்தும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சியை வாங்கிய நாய்கள், பிறகு தப்பிக்க வழி இருந்தும் பெரும்பாலும் அப்படியே படுத்துக்கிடந்தன. ஆக, துவண்டுபோவதை அவை கற்றுக்கொண்டன என்றார்கள். சரி, அது பழைய கதை.

எனக்குப் பிடித்தது மையர் பின்னால் எலிகளிடம் செய்தது. இரண்டு எலிகள், இரண்டின் வாலிலும் ஒரே மின்சாரம். முதல் எலி முன்னங்காலால் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றினால் இரண்டுக்குமே அதிர்ச்சி நின்றுவிடும். இரண்டாவது என்ன செய்தாலும் எதுவும் நடக்காது. வாங்கிய அடி இரண்டுக்கும் ஒன்றுதான், நொடி பிசகாமல். ஆனால் அடுத்த நாள் வேறொரு பெட்டியில் விட்டால் முதலாவது தப்பித்து ஓடுகிறது, இரண்டாவது முடங்கிவிடுகிறது.

மூளைத்தண்டில் டார்சல் ராஃபே என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. அடி நீடித்தால் அது செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளைக் கொட்டி உடம்பை முடக்கும், அதுதான் இயல்பு. 'நான் செய்ததால் நின்றது' என்பதை நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணி கண்டுகொண்டால், அங்கிருந்து கீழே கட்டளை போய் ராஃபேயை அடக்குகிறது. 2005இல் அந்தப் புறணியை மருந்தால் அமுக்கிப் பார்த்தார்கள். எலி வழக்கம்போலச் சக்கரத்தைச் சுழற்றியது, அதிர்ச்சியும் நின்றது, ஆனாலும் மறுநாள் முடங்கிப்போனது! 2016இல் மையரும் செலிக்மனும் தங்கள் பழைய முடிவைத் திருப்பிப் போட்டு எழுதினார்கள்: துவள்வது பிறவியிலேயே உள்ளது, கற்றுக்கொள்வது 'என் கையில் இருக்கிறது' என்பதைத்தான். அப்படி ஒருமுறை கற்ற எலி, பிறகு நிஜமாகவே நிறுத்த முடியாத அதிர்ச்சி வந்தாலும் லேசில் முடங்குவதில்லை.

எலியில் கண்டதை அப்படியே பையன்மேல் ஏற்ற முடியாதுதான். ஆனாலும் அடுத்த ரேங்க்கைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, உயிரியலில் ஒரே ஒரு பாடம், அதில் பத்துக் கேள்வி, அவனே போட்டு அவனே திருத்தட்டும். தப்பானது நாளைக்குச் சரியாவதை அவன் கண்ணாலேயே பார்க்கட்டும். அப்புறம், தயவுசெய்து ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். 'ஏழரைச் சனி, இன்னும் இரண்டு வருஷத்துக்கு எதுவும் கைகூடாது' என்று அவன் காதுபடச் சொல்வது, சுழலுகிற சக்கரத்தின் கம்பியை நாமே பிடுங்கிவிடுவது. பரிகாரத்துக்கு எடுத்துவைத்த பணத்தில் பழைய வினாத்தாள் புத்தகங்களை வாங்கிக் கொடுங்கள்.